கொழுந்தின் எடையா, சாக்கின் எண்ணிக்கையா? கொலஸ்ட்ரோல் ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

மாமா இலங்கை மலையகத்தில், பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்குப்பிள்ளை. ஒல்லியான ஆள். விடிந்ததும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போனால் மலை ஏறி இறங்கி, கொழுந்து மடுவத்தில் நிறுவை பார்த்து, செக்ரோல் என்ற வரவுப் பதிவேட்டை எழுதி முடித்துப் பொழுது சாயத்தான் வீடு வருவார். 56 வயதில் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாரடைப்பு. பிழைத்துக்கொண்டார், அது எங்கள் அதிர்ஷ்டம். வீடு வந்த மூன்றாம் நாள், நாலு மாதத்துக்கு முன்னால் எடுத்த இரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைத் தேடியெடுத்து என் முன்னால் வைத்தார்.

"கெட்ட கொலஸ்ட்ரோல் நோர்மல்னுதான போட்டிருக்கு மருமவனே. பொறகு எப்படி?"

மொத்தக் கொலஸ்ட்ரோல் 196. கெட்ட கொலஸ்ட்ரோல் என்று சொல்லும் எல்.டி.எல். 114. நல்லது என்று சொல்லும் எச்.டி.எல். 34. இரத்தத்தில் ஓடும் இன்னொரு கொழுப்பான டிரைகிளிசரைட் 240. எல்லாம் ஒரு டெசிலீற்றர் இரத்தத்துக்கு எத்தனை மில்லிகிராம் என்ற கணக்கில். முதல் இரண்டும் அச்சிட்ட வரம்புக்குள் இருந்தன. கடைசி இரண்டுக்கும் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. மாமா கேட்ட கேள்விக்குப் பதில் அந்தத் தாளிலேயே இருந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை ஆறாத விஷயம். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கொலஸ்ட்ரோல் மெழுகு மாதிரியான ஒரு கொழுப்பு. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் அது வேண்டும். கலத்தின் தோலே அது இல்லாமல் நிற்காது. பித்தநீரும் பல ஹோர்மோன்களும் அதிலிருந்துதான் உருவாகின்றன. நாம் சாப்பிடுவதை விட உடம்பு தானே செய்துகொள்வதுதான் கூட. ஆனால் இரத்தம் தண்ணீர்ப்பாங்கானது. மெழுகு அதில் கரையாது. ஆகவே கொலஸ்ட்ரோலும் மற்றக் கொழுப்புகளும் தனியாகப் பயணிக்க முடியாது. ஈரல் அவற்றைச் சின்னச் சின்ன உருண்டைகளில் அடைத்து அனுப்புகிறது. உள்ளே கொழுப்பு, வெளியே ஒரு மெல்லிய உறை, அந்த உறையைச் சுற்றிக் கட்டிய கயிறு மாதிரி ஒரு புரதம். இந்த உருண்டைகளைத்தான் துகள்கள் என்கிறோம்.

ஈரலிலிருந்து புறப்படும்போது துகள் பெரிதாக, டிரைகிளிசரைட் நிரம்பியதாக இருக்கும். அப்போது அதன் பெயர் வி.எல்.டி.எல். தசையும் கொழுப்புத் திசுவும் வழியிலேயே அந்த டிரைகிளிசரைட்டை இறக்கி எடுத்துக்கொள்ள, துகள் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் பெரும்பாலும் கொலஸ்ட்ரோல் மட்டும் மிஞ்சிய எல்.டி.எல். ஆகிறது. 20 முதல் 25 நனோமீற்றர் அகலம். ஒரு மில்லிமீற்றருக்குள் நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் துகள்களை வரிசையாக நிறுத்தலாம். இரண்டு மூன்று நாள் இரத்தத்தில் சுற்றிவிட்டு, ஈரலின் வாசலில் உள்ள வாங்கிகள் பிடித்து உள்ளே இழுக்க, அதன் வாழ்வு முடிகிறது.

இதில் முக்கியமான சங்கதி அந்தக் கயிறு. அதன் பெயர் அப்போ பி. வி.எல்.டி.எல். ஆகப் புறப்படும்போது கட்டிய ஒரே அப்போ பி தான், எல்.டி.எல். ஆகச் சுருங்கி ஈரலுக்குத் திரும்பும்வரை அந்தத் துகளோடு இருக்கிறது. ஒரு துகளுக்கு ஒன்று. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆகவே இரத்தத்தில் எத்தனை அப்போ பி இருக்கிறது என்று எண்ணினால் எத்தனை துகள் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மாமாவுக்கு இதை மடுவத்துக் கணக்கில்தான் சொன்னேன். "தராசுல 114 கிலோ கொழுந்து வருது மாமா. அது எத்தன சாக்குன்னு தராசு சொல்லுமா?" அவர் சிரித்தார். இறுக்கி அமத்திய சாக்கு என்றால் ஒரு எண்ணிக்கை, அரைகுறையாக நிரப்பிய சாக்கு என்றால் அதைப் போல இரண்டு மடங்குகூட வரும் என்றார். ரிப்போர்ட்டில் உள்ள எல்.டி.எல். என்ற இலக்கம் தராசு காட்டும் எடை. அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ரோல் எவ்வளவு என்று மட்டும்தான் அது சொல்லும். துகள் எத்தனை என்று சொல்லாது.

சாக்குகள் அரைகுறையாக இருப்பது எப்போது? டிரைகிளிசரைட் கூடியிருக்கும்போது. அப்போது பெரிய துகள்களும் எல்.டி.எல்லும் தங்களுக்குள் சரக்கை மாற்றிக்கொள்கின்றன. எல்.டி.எல். தன் கொலஸ்ட்ரோலைக் கொடுத்து டிரைகிளிசரைட்டை வாங்குகிறது. வாங்கியதையும் ஈரலில் உள்ள ஒரு நொதியம் கரைத்துவிட, சிறுத்துப்போன, கொலஸ்ட்ரோல் குறைந்த துகளாக மிஞ்சுகிறது. எச்.டி.எல்லுக்கும் இதே கதிதான். அதனால்தான் டிரைகிளிசரைட் கூடியவருக்கு எச்.டி.எல். குறைந்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். மாமாவின் தாள் அப்படியே இந்தப் படம். எடை நோர்மல், சாக்குகள் ஏராளம்.

இன்னொன்று. அந்த 114 பெரும்பாலான இடங்களில் நேரடியாக அளந்ததே அல்ல. 1972இல் ஃபிரீடுவால்டும் அவர் கூட்டாளிகளும் வெளியிட்ட ஒரு கழித்தல் கணக்கு அது. மொத்தக் கொலஸ்ட்ரோலிலிருந்து எச்.டி.எல்லைக் கழி, டிரைகிளிசரைட்டை ஐந்தால் வகுத்து அதையும் கழி. 196இல் 34 போனால் 162, அதில் 48 போனால் 114. டிரைகிளிசரைட் 400ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது. அதற்குக் கீழேயும், டிரைகிளிசரைட் ஏற ஏறத் துல்லியம் குறையும்.

சரி, துகள் கூடினால் என்ன? இரத்தக்குழாய் நோயைப் பற்றி நம்மிடம் ஒரு தவறான படம் ஊறிக்கிடக்கிறது. பீலிக் குழாயில் பாசி அடைப்பது போல, குழாயின் உள்பக்கத்தில் கொழுப்பு ஒட்டி அடைக்கிறது என்று நினைக்கிறோம். அப்படியில்லை. நோய் குழாயின் சுவருக்குள் நடக்கிறது. தோட்டத்து லய வீடுகளின் சுவரில் ஈரம் ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். வெள்ளையடித்த முகப்பு நன்றாகத்தான் தெரியும். உள்ளே மண் ஊறி உப்பி, ஒரு மழைக்காலத்தில் பொருக்காக வெடித்து விழும்.

நாடியின், அதாவது இருதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோகும் குழாயின், உட்சுவர் ஒரே ஒரு அடுக்குக் கலங்களால் ஆனது. 70 நனோமீற்றருக்குக் குறைந்த அகலமுள்ள, அப்போ பி கட்டிய துகள் எதுவும் அதைத் தாண்டி உள்ளே போகலாம். அநேகமானவை போய்விட்டுத் திரும்பி வந்துவிடும். சில மாட்டிக்கொள்ளும். சுவருக்குள் சர்க்கரையும் புரதமும் கலந்த நார் போன்ற பொருள்கள் இருக்கின்றன. அப்போ பியின் சில பகுதிகள் அவற்றில் ஒட்டும் தன்மை கொண்டவை. மாட்டிய துகள் சிதைகிறது, ஒட்சியேற்றமடைகிறது. உடம்பு அதை அந்நியப் பொருளாகப் பார்த்து வெண்குருதிக் கலங்களை அனுப்புகிறது. அவை துகள்களை விழுங்கி விழுங்கி, வயிறு நிறைய நுரை கட்டியது போல் ஆகி, அங்கேயே செத்துக் கிடக்கின்றன. மேலே நார்த்திசு மூடி போடுகிறது. இதுதான் படிவு. மலைப்பாதையில் வளைவிலும் சந்தியிலும் மண் சேர்வது போல, நாடி வளையும் இடத்திலும் கிளை பிரியும் இடத்திலும் இது முதலில் தொடங்குகிறது. அங்கே இரத்த ஓட்டம் சீராக இல்லாததால் சுவர் இளகிக் கொடுக்கிறது. பீடி, சிகரட், பிரஷர், சீனி வருத்தம் எல்லாம் அந்தச் சுவரை இன்னும் பலவீனமாக்குகின்றன.

ஆரம்பத்தில் நாடி வெளிப்பக்கமாக வீங்கி, உள்வழியைக் காப்பாற்றிக்கொள்கிறது. கிளாகோவ் என்ற நோயியல் அறிஞர் 1987இல் காட்டியது இது. சுவருக்குள் படிவு சுமார் 40 வீதம் வரை வளர்ந்தாலும் இரத்தம் போகும் வழி குறுகாமல் இருக்கலாம். அதனால்தான் மலை ஏறும்போது மூச்சு வாங்காத மனிதருக்கும், ஈ.சி.ஜி. நன்றாக இருந்த மனிதருக்கும் திடீரென்று மாரடைப்பு வருகிறது. ஒரு நாள் அந்த மூடி கிழிகிறது. உள்ளே இருக்கும் சாமான் இரத்தத்தோடு பட்டதும் இரத்தம் உறைந்து கட்டியாகிறது. சில நிமிடத்தில் வழி அடைபடுகிறது. நெஞ்சில் அமத்துவது போல வலி, கைக்கோ தாடைக்கோ பரவுவது, குளிர் வியர்வை என்று வந்தால் வாயுக்கோளாறு என்று சோடா குடித்துக்கொண்டிருக்கக் கூடாது. 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைக்க வேண்டும். தோட்டத்துப் பாதையில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

இதெல்லாம் வயதானவர்களின் நோய் என்றுதான் நினைக்கத் தோன்றும். 1953இல் வெளியான ஓர் ஆய்வில், கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்கள் 300 பேரின் இருதயங்களை வெட்டிப் பார்த்திருந்தார்கள். சராசரி வயது 22. நூற்றுக்கு 77 பேரின் இருதய நாடிகளில் நோயின் தடயம் ஏதோ ஒரு அளவில் இருந்தது.

துகள்தான் காரணம் என்பது ஒரே நாளில் தெரிந்த விஷயமல்ல. 1913இல் ரஷ்யாவில் நிக்கொலாய் அனிச்கோவ், கொலஸ்ட்ரோலைச் சூரியகாந்தி எண்ணெயில் கரைத்து முயல்களுக்குக் கொடுத்து, நாடியில் படிவு உண்டாவதைக் காட்டினார். முயல் புல் தின்கிற பிராணி, மனிதனுக்கு இது பொருந்தாது என்று ஒதுக்கியவர்கள் நிறையப் பேர். 1950 வாக்கில் கலிபோர்னியாவில் ஜோன் கொஃப்மன் அதிவேகச் சுழல் இயந்திரத்தில் இரத்தத்தைச் சுற்றி, கொலஸ்ட்ரோல் ஒரே மாதிரி அல்ல, பல வகைத் துகள்களில் போகிறது என்று பிரித்துக் காட்டினார். மொத்தக் கொலஸ்ட்ரோலை விடத் துகளைப் பாருங்கள் என்று அவர் அப்போதே சொன்னார். ஆனால் அந்த இயந்திரம் எத்தனை லேபில் இருக்கும்? மொத்தக் கொலஸ்ட்ரோலை அளப்பது மலிவு, இலகு. ஆகவே உலகம் எடையைப் பிடித்துக்கொண்டது. எனக்கு இது பெரிய நட்டமாகவே தெரிகிறது.

அதன் பிறகு வந்ததுதான் அசைக்க முடியாத சான்று. டெக்சாஸில் மைக்கல் பிரவுனும் ஜோசப் கோல்ட்ஸ்டைனும், சிறு வயதிலேயே மாரடைப்பு வரும் பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். ஈரலின் வாசலில் எல்.டி.எல்லைப் பிடிக்கும் வாங்கி அந்தப் பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே வேலை செய்யவில்லை என்று கண்டார்கள். வாசல் பூட்டிக் கிடப்பதால் துகள்கள் இரத்தத்திலேயே தேங்குகின்றன. அந்தப் பிள்ளைகள் புகைக்கவில்லை, குடிக்கவில்லை, அவர்களுக்கு நீரிழிவு இல்லை. துகள் ஒன்றே போதுமாயிருந்தது. 1985இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இந்தப் பரம்பரைக் கோளாறு பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் ஓரளவு, இருவரிடமிருந்தும் வந்தால் மிகக் கடுமை. முதல் வகை அரிதல்ல, ஏறக்குறைய 250 பேருக்கு ஒருவர். நம் பக்கம் மாமன் மகளையும் அத்தை மகனையும் கட்டுவது வழக்கம். அப்படிச் சொந்தத்துக்குள் கட்டும்போது இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே கோளாறு வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் தடித்திருப்பது, கண் இமையோரம் மஞ்சள் திட்டு, குடும்பத்தில் நாற்பது ஐம்பதுக்குள் மாரடைப்பில் போனவர்கள் என்று இருந்தால், பிள்ளைகளின் இரத்தத்தையும் ஒருமுறை பார்ப்பது அவசியம்.

எதிர்ப்பக்கமும் இருக்கிறது. பி.சி.எஸ்.கே.9 என்ற புரதம் ஈரலின் வாங்கிகளை அழிக்கிறது. சிலருக்கு அந்தப் புரதம் பிறப்பிலேயே குறைவு. வாங்கிகள் அதிகம், துகள்கள் குறைவு. 2006இல் ஜொனதன் கோஹனும் ஹெலன் ஹொப்ஸும் அவர்கள் குழுவும் வெளியிட்ட ஆய்வில், இப்படிப்பட்ட கறுப்பின மக்களுக்கு எல்.டி.எல். 28 வீதம்தான் குறைந்திருந்தது. ஆனால் இருதய நாடி நோயோ 88 வீதம் குறைந்திருந்தது. அதே அளவுக்கு ஐந்து வருடம் மருந்தால் குறைத்தால் நோய் ஏறக்குறைய கால் பங்குதான் குறையும். வித்தியாசம் எங்கே? அவர்களுக்குப் பிறந்த நாளிலிருந்து குறைவு. எத்தனை துகள் என்பது பாதிக் கணக்கு. எத்தனை வருடமாக அவை சுவரை உரசிப் போகின்றன என்பது மறுபாதி.

நல்ல கொலஸ்ட்ரோல் என்ற பேச்சைப் பற்றியும் சொல்ல வேண்டும். எச்.டி.எல்லில் இருப்பதும் எல்.டி.எல்லில் இருப்பதும் ஒரே கொலஸ்ட்ரோல்தான். எச்.டி.எல்லில் அப்போ பி இல்லை, அதனால் அது சுவரில் அப்படி மாட்டுவதில்லை. எச்.டி.எல்லைக் கூட்டினால் இருதயம் தப்பும் என்று பெரும் நம்பிக்கை இருந்தது. அதை நன்றாகக் கூட்டிய டோர்செட்ராபிப் என்ற மருந்தின் பரிசோதனையை 2006இல் பாதியில் நிறுத்தினார்கள். மருந்து குடித்தவர்களில் இறப்பு கூடியிருந்தது. குறைந்த எச்.டி.எல். ஒரு எச்சரிக்கை விளக்கு. விளக்கைத் திருத்துவதால் பாதை சரியாகாது.

நம் மலையகத்துக்கு வருகிறேன். இலங்கை உட்பட ஐந்து தெற்காசிய நாடுகளின் மக்களை மற்ற நாட்டவரோடு ஒப்பிட்டு 2007இல் வந்த ஆய்வில், முதல் மாரடைப்பின் சராசரி வயது தெற்காசியருக்கு 53, மற்றவர்களுக்கு ஏறக்குறைய 59. மலை ஏறி இறங்குகிற, ஒல்லியான தோட்டத்து மனிதருக்கு இது வராது என்ற நம்பிக்கையை நான் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தேன். ஒல்லி என்பது துகளை எண்ணிச் சொல்லாது. நம் சாப்பாடு பெரும்பாலும் கோதுமை மா ரொட்டியும் சோறும். சீனி போட்ட தேத்தண்ணி நாளைக்கு நாலைந்து. மரக்கறியும் பருப்பும் அளவாக, மீனும் முட்டையும் கையில் காசிருக்கும் நாளில். மிஞ்சிய மாவையும் சீனியையும் ஈரல் கொழுப்பாக்கி, வி.எல்.டி.எல். துகளில் ஏற்றி அனுப்புகிறது. சாராயமும் டிரைகிளிசரைட்டை ஏற்றும். சம்பளத்தில் வாங்கக்கூடியது மாவும் சீனியும் என்றால், இதை ஆளின் கட்டுப்பாடில்லாமை என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தேங்காய் எண்ணெய்ப் போத்தலில் 'கொலஸ்ட்ரோல் அற்றது' என்று போட்டிருப்பது உண்மை. எந்தத் தாவர எண்ணெயிலும் அது இருப்பதாகச் சொல்ல முடியாது. ஆனால் தேங்காய் எண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய 90 வீதம் நிரம்பிய கொழுப்பு. அது ஈரலின் வாங்கிகளைக் குறைத்து, துகள்களை இரத்தத்தில் தங்க வைக்கிறது. சம்பலையும் சொதியையும் விட்டுவிடச் சொல்லவில்லை. பொரிப்பதையும், திக்கான முதல் பால் ஊற்றுவதையும் குறைத்தாலே வித்தியாசம் உண்டு. பருப்பு, கடலை, குரக்கன், கீரை கூடினால் இன்னும் நல்லது.

அப்போ பி பரிசோதனையை எல்லா லேபிலும் செய்வதில்லை, செலவும் கூட. ஆனால் அதற்கு மிக நெருங்கிய ஒரு இலக்கத்தை எவரும் வீட்டிலேயே எடுக்கலாம். மொத்தக் கொலஸ்ட்ரோலிலிருந்து எச்.டி.எல்லைக் கழித்தால் போதும். அதற்குப் பெயர் நொன் எச்.டி.எல். அப்போ பி கட்டிய எல்லாத் துகள்களின் கொலஸ்ட்ரோலும் அதில் அடங்கும். மாமாவுக்கு அது 162. ஐரோப்பிய இருதய மருத்துவர்களின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டி, நடுத்தர ஆபத்துள்ளவருக்கு 130க்குக் கீழும், மிக அதிக ஆபத்துள்ளவருக்கு 85க்குக் கீழும் இருக்கச் சொல்கிறது. இதை அளக்க வெறும் வயிறு கட்டாயமில்லை. விடியற்காலை பஸ் பிடித்து, பசியோடு ஹட்டன் வரும் அம்மாமாருக்கு இது சின்ன விஷயமல்ல. சீனியும் சேர்த்துப் பார்ப்பதென்றால் வைத்தியர் சொன்னபடி போக வேண்டும். எல்பி(ஏ) என்று இன்னொரு துகளும் உண்டு. அதன் அளவைப் பெரும்பாலும் பரம்பரைதான் முடிவு செய்கிறது, வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஸ்டாடின் மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்பது தெரிந்தால், அதை ஏன் நடுவில் நிறுத்தக் கூடாது என்பதும் தெரியும். ஜப்பானில் அகிரா எண்டோ ஆறாயிரத்துக்கு மேற்பட்ட பூஞ்சண வகைகளைச் சோதித்து, அரிசியில் வளர்ந்த ஒரு நீலப் பூஞ்சணத்திலிருந்து 1973இல் முதல் ஸ்டாடினைக் கண்டெடுத்தார். இந்த மருந்து ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதைக் குறைக்கிறது. தனக்குப் போதவில்லை என்று ஈரல் வாசலில் கூடுதல் வாங்கிகளை வைத்து, இரத்தத்திலிருந்து துகள்களை இழுத்துக்கொள்கிறது. 1994இல் வெளியான ஸ்கண்டினேவிய ஆய்வில், இருதய நோயாளிகள் 4444 பேரில் சிம்வாஸ்டாடின் எடுத்தவர்களிடையே மொத்த இறப்பு 30 வீதம் குறைந்தது. மாத்திரையை விட்டால் சில வாரத்தில் வாங்கிகள் பழைய எண்ணிக்கைக்கு வந்துவிடும், துகள்களும் வந்துவிடும். "நோர்மலாயிருச்சு, விட்டுட்டேன்" என்று கிளினிக் வரிசையில் எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! நோர்மல் ஆனது மாத்திரையால்தான். தசைவலி வந்தால் தானாக நிறுத்தாமல் வைத்தியரிடம் சொன்னால், அளவைக் குறைக்கவோ வேறு மருந்து தரவோ வழியுண்டு. அரசாங்க வைத்தியசாலையில் இது இலவசம்.

மாமா இப்போது கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் தானே கழித்துக் கணக்கெழுதுகிறார். 162, பிறகு 118, போன தடவை 88. பழைய பழக்கம், இலக்கங்கள் நேர்கோட்டில் இருக்க வேண்டும் அவருக்கு. கொழும்பில் கடையொன்றில் வேலை பார்க்கும் அவர் மகனையும் தைப்பொங்கலுக்கு வந்தபோது கூட்டிப்போய் இரத்தம் எடுக்க வைத்தார். தம்பிக்கு வயது 27. மொத்தக் கொலஸ்ட்ரோல் 208, எச்.டி.எல். 37. அவனே கழித்துப் பார்த்தான். சோற்றைக் குறைத்து, சிகரட்டை விட்டு, மூன்று மாதம் கழித்து மறுபடி வரச் சொல்லி வைத்தியர் தேதி கொடுத்திருக்கிறார். அவனுக்கும் ஒரு கொப்பி வாங்கியாகிவிட்டது.